பொருத்தனைப் பிள்ளை

ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால், நல்ல மழைக்காலத்தில், செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் நடந்தது இது. அம்மாவைக் காலில் புண்ணோடு சேர்த்திருந்தோம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. செருப்பு கடித்த சின்னக் காயத்தைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. விரல்களை உடனே எடுத்துவிட்டால் கால் தப்பிக்கும், தள்ளிப்போட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், இன்னும் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அம்மா ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குக் காரணம் நான்.

இது புரிய வேண்டுமென்றால் நான் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. நான் வயிற்றில் இருந்தபோது அம்மா ஒரு பொருத்தனை செய்தாள். கிறிஸ்தவர்களான நாங்கள் வேண்டுதலை அப்படித்தான் சொல்வோம். இந்தப் பிள்ளை தங்கினால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன், பிரசங்கம் செய்யும் ஊழியத்துக்கு அனுப்புகிறேன் என்று. நான் பிறந்தேன், கத்தினேன், தங்கியும் விட்டேன். கோவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் சின்னச் சபையில் பாஸ்டர் என்னைக் கையில் ஏந்தி ஜெபம் பண்ணி ஒப்புக்கொடுத்தார்.

ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மா சபையில் எழுந்து, நான் பிழைத்த கதையைச் சாட்சியாகச் சொல்வாள். நாற்று நடப் போகும் இடத்தில் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசாதவளுக்கு, மைக் முன்னால் மட்டும் எங்கிருந்து அவ்வளவு குரல் வருமோ தெரியாது. கதையும் என்னோடு சேர்ந்து வளர்ந்தது. முதலில் பிள்ளை பிழைக்காது என்று நர்ஸ் சொன்னாராம். நான் ஐந்தாவது படித்தபோது டாக்டரும் சொன்னார். எட்டாவதுக்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் கரண்டும் போய்விட்டது. நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தக் குரலை இன்னும் ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது.

அந்தக் கதையால் எனக்கு லாபமும் இருந்தது. ஞாயிறு பள்ளியில் கேக் கொடுத்தால் பெரிய துண்டு எனக்குத்தான். கபடியில் என்னை யாரும் முரட்டுத்தனமாகப் பிடிக்க மாட்டார்கள். கர்த்தருக்குக் கொடுத்த பிள்ளை, கை கால் உடைந்தால் நமக்குப் பாவம் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பயத்தை வைத்தே நான் நிறைய பாயிண்ட் எடுத்திருக்கிறேன்.

ஆனால் வளர வளர எனக்கு மைக் பிடிக்கவில்லை, மோட்டார்தான் பிடித்தது. ஐ.டி.ஐ. முடித்தேன். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் காண்டிராக்ட் வேலை கிடைத்தது. அம்மா திட்டவும் இல்லை, அழவும் இல்லை. எங்கள் வேதத்தில் ஒரு கதை வரும். கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறித் தப்பி ஓடியவரைப் பெரிய மீன் ஒன்று விழுங்கிவிடும். அம்மா என்னை அந்தக் கப்பலில் ஏற்றிவிட்டாள். பைக்கில் வழுக்கி விழுந்தேனா, மீன். பெண் பார்த்த இடம் தட்டிப்போனதா, அதுவும் மீன். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றால்கூட ஒரு பெருமூச்சு விடுவாள், எனக்குப் புரிந்துவிடும். வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவை நீட்டிக்கொண்டே, "கடலாண்டயே போயி நிக்கிற. மீனுக்குத் தேடற வேலையே இல்ல" என்பாள். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அங்கே நான் என்ன செய்கிறேன் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் வீம்புக்குச் சொன்னதில்லை. அவளைப் பொறுத்தவரை அது நான் ஓடிப்போன இடம்.

இப்போது காலில் புண் வந்ததும் கணக்கு அவள் பக்கம் திரும்பிவிட்டது. கொடுக்கிறேன் என்று சொன்னதைக் கொடுக்கவில்லை, அதனால் ஆண்டவர் என் காலைப் பிடித்திருக்கிறார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் புண் தானாக ஆறும், அதை விட்டுவிட்டு விரலை வெட்டி என்ன பிரயோஜனம் என்றாள். பாஸ்டரே நேரில் வந்து, டாக்டரும் ஆண்டவர் அனுப்பியவர்தான், ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். "நான் வாக்கு குடுத்தது ஆண்டவர்கிட்ட, உங்ககிட்ட இல்ல பாஸ்டர்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தங்கச்சி என்னைத் தனியாக வராந்தாவுக்கு இழுத்துப்போய், "ஊழியத்துக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுண்ணா. பொய்யாத்தான் இருக்கட்டுமே, அம்மா காலு தப்பிச்சிடும்" என்று அழுதாள். எனக்கு அம்மா மேல் கோபம், கடவுள் மேல் கோபம், அந்த மீன் மேலும் கோபம். ஆனாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் வேலை முடிந்து திருப்போரூர் வழியாக பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பொய்யைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பொய் என்று தெரிந்தால் அம்மாவின் முகம் எப்படிப் போகும் என்றும் தோன்றிக்கொண்டே இருந்தது.

சாயங்காலப் பார்வையாளர் நேரம். அம்மா வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கோவளத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா, முட்டி உடைந்து கட்டோடு இருந்தார். எல்லோரிடமும் கலகலவென்று பேசுபவர். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தங்கச்சியிடம் கேட்டு வைத்திருந்தார் போல. நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, எம் பொண்ணு வேளச்சேரில கீறா. அவ வூட்டுக் கொழாயில வர்றது கடல் தண்ணின்றா. நெசமாவா?"

பொய் சொல்வதைச் சற்றுத் தள்ளிப்போடலாமே என்று விளக்க ஆரம்பித்தேன். கடலிலிருந்து தண்ணீரை இழுப்பது, மணலையும் பாசியையும் வடிகட்டுவது, பெரிய பம்பு வைத்து உப்பு நுழைய முடியாத சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுவது, அந்தப் பக்கம் நல்ல தண்ணீராக வருவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகமாகிவிட்டது. வீட்டில் யாரிடமும் இதையெல்லாம் நான் பேசியதே இல்லை.

"அந்தத் தண்ணி வாயில வெச்சா கசக்குமா?"

கேட்டது அம்மா. முகம் இன்னும் சுவர்ப் பக்கமே இருந்தது. கடல் தண்ணீர் உப்பு முற்றிக் கசக்கத்தான் செய்யும், வாயில் வைக்க முடியாது என்றேன்.

"அதுல இன்னா போடுவீங்க?"

கடைசியில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து சேர்ப்போம், அப்போதுதான் குடிக்கிற மாதிரி இருக்கும் என்றேன். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அங்க மரத்த வெட்டிப் போட்டாங்க" என்றாள்.

கோவளத்து அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது, வேதத்தில் வரும் கதை அது. அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்டு வனாந்தரத்தில் தாகத்தோடு நடந்த ஜனங்களுக்கு, தேடித் தேடிக் கிடைத்த தண்ணீரும் கசப்பாக இருந்தது. கடவுள் காட்டிய ஒரு மரத்தை அதில் போட்டதும் தண்ணீர் இனிப்பானது. ஞாயிறு பள்ளியில் ஒவ்வொரு வருடமும் கேட்ட கதைதான். இத்தனை வருடம் அந்த ஆலையில் வேலை செய்தும் எனக்கு அது ஒரு நாளும் ஞாபகம் வந்ததில்லை.

யாரெல்லாம் குடிக்கிறார்கள் என்று அம்மா கேட்டாள். லாரிக்காகக் குடத்தோடு காத்துக் கிடந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும்தான் என்றேன். என் கையைப் பிடித்து, வால்வு திருகிக் காய்த்துப்போன இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நீ ஓடிப்போவல, நைனா. நாந்தான் உன்ன வேற எடத்துல தேடிகினு இருந்தேன்."

இது வெறும் காண்டிராக்ட் வேலை அம்மா, நான் இல்லாவிட்டால் இன்னொருவன் வந்து அதே வால்வைத் திருகுவான் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கொண்டு வந்த பொய்யைச் சொல்லவும் தேவையில்லாமல் போனது. அன்றைக்கே நர்ஸைக் கூப்பிட்டு, ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அம்மாவே சொன்னாள். இரண்டு விரல் என்றது மூன்றாகப் போய்விட்டது. ஆனால் கால் தப்பியது.

அதன் பிறகும் சில வருடங்கள் அம்மா விந்தி விந்தி நடந்துகொண்டு நன்றாகவே இருந்தாள். சபையில் புதுச் சாட்சி சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டவர்கள், நெம்மேலியில் நாங்கள் கடலுக்குள் மரம் வெட்டிப் போடுகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். நான் திருத்தப் போகவில்லை. தலையும் குனியவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்து இப்போது இரண்டு வருடமாகிறது. இன்றும் நான் பெரிய விசுவாசி என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆண்டவர்தான் என்னை அந்த ஆலையில் வைத்தாரா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். அம்மாவுக்குத் தன் வாக்கையும் விட முடியவில்லை, என்னையும் விட முடியவில்லை. இரண்டும் சேர்ந்து நிற்க ஓர் இடம் கிடைக்காமல் எத்தனை வருடம் தவித்திருப்பாள் என்பது அந்தச் சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. தன் கதைக்குள் என்னை அன்றைக்குத்தான் உட்காரவைத்தாள்; அவள் போன பிறகும் நான் அங்கிருந்து எழுந்துவர மனமில்லாமல் இருக்கிறேன்.