பேராச்சி மதினியின் தினசரிக் குளியல்

தங்கபுஷ்பம் பிறந்தது திருவேங்கடத்துக் கரிசலில். அங்கே குளியல் என்றால் இரண்டு செம்புத் தண்ணீர். மூன்றாவது செம்பை மொண்டால் வீட்டில் யாராவது இருமுவார்கள். பதினேழு வயதில் காந்திமதிநாதனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டுக் குற்றாலம் வந்தவள், முதன்முதலாக ஐந்தருவியின் முன்னால் நின்றாள். அருவியின் அழகில் அவள் மயங்கவில்லை. "ராத்திரி இதை யாரு நிறுத்துவா?" என்று புருஷனைக் கேட்டாள். யாரும் நிறுத்துவதில்லை என்று அவன் சொன்னதும் அவளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை தண்ணீர் சும்மா போகிறதே!

அந்த எரிச்சல்தான் அவள் வாழ்க்கையை நடத்தியது என்று சொன்னால் மிகையில்லை.

காந்திமதிநாதன் ஒரு ஜமீன் குடும்பத்துப் பங்களாவின் சாவிகளுக்குப் பொறுப்பு. ஜமீன்காரர்கள் ஆடியில் இரண்டு வாரம் வந்து குளித்துவிட்டுப் போவார்கள். மீதி ஐம்பது வாரமும் அவன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு பூட்டிய அறைகளைச் சுற்றி வருவான். சண்டை என்று ஒன்று மூண்டால் உடனே எந்தப் பூட்டையாவது சரிபார்க்கக் கிளம்பிவிடும் சாது. பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறையில் குடித்தனம். முற்றம் முழுக்க ஒரே பாறை. ஒரு கீரை விதை ஊன்ற மண் கிடையாது. தொட்டி வைத்தாலோ குரங்குகள் விடுவதில்லை. ஒரே வாரத்தில் ஐந்து மண்தொட்டிகளை உருட்டி உடைத்துவிட்டு, ஆறாவதன் மேல் உட்கார்ந்து பேன் பார்த்தன.

"தொட்டி இருந்தாத்தானே உடைப்ப?" என்று தங்கபுஷ்பம் அவற்றைப் பார்த்துச் சொன்னாள். ஐம்பத்தாறாம் வருஷத்துச் சாரலில் அவள் பாசி உருண்டை பிடிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

பங்களாத் தோட்டத்தில் வெட்டிப் போடும் கொப்புகளைப் பழைய மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்பாள். பத்து நாளில் வெள்ளை வெள்ளையாக வேர் விடும். செம்மண்ணும் மக்கிய இலையும் கொஞ்சம் சாணமும் சேர்த்துக் கொழுக்கட்டை மாவு பதத்தில் பிசைந்து, வேரைத் தேங்காய் நாரில் சுற்றி, அந்த மண்ணை மேலே உருட்டுவாள். பிறகு பாறைக்குப் போவாள். கல்லில் வார்த்த தோசையைத் திருப்புவதுபோல் ஓரத்தில் நெம்பினால் பாசி முழுசாகப் பெயர்ந்து வரும். அதை உருண்டைக்குப் போர்த்தி, குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்றி, ஓட்டுக்கூரைச் சட்டத்தின் அடியில் கட்டித் தொங்கவிடுவாள். குரங்குக்கு அது காயா கனியா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கடித்துப் பார்த்துவிட்டு, மண் அப்பிய வாயோடு அவளை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் வரவில்லை.

நூல் கொடுத்தது நூருன்னிசா. தென்காசியில் அவள் புருஷன் சேக் தாவூதுக்கு இரண்டு தறி. அவன் நெய்யும் துண்டுகளைச் சீசனில் பங்களா பங்களாவாகக் கொண்டுவந்து விற்பாள். தறியில் மிஞ்சும் கழிவு நூலைத் தங்கபுஷ்பத்துக்கென்று ஒரு முடிச்சு கொண்டுவருவாள். பச்சைப் பாசிக்கு மேல் சிவப்பும் நீலமுமாக நூல் ஓட, ஒவ்வொரு உருண்டையும் லுங்கி கட்டியது மாதிரி இருக்கும்.

உருண்டைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதாது. வாயகன்ற சருவத்தில் முழுசாக அமுக்க வேண்டும். 'புளுக் புளுக்' என்று குமிழி வரும். குமிழி நிற்கும்வரை கையை எடுக்கக் கூடாது.

அமுக்குவதில் இருக்கும் ஆனந்தம் அவளுக்கு ஒரு தபால் கார்டால் தெரிய வந்தது. அவள் நாத்தனார், காந்திமதிநாதனின் அக்காள் பேராச்சி, வாசுதேவநல்லூரிலிருந்து எழுதியிருந்தாள்: 'சாரல் விழுந்ததும் வருகிறேன். போன தடவை போல் குழம்பில் புளியைக் கரைத்துக் கொட்ட வேண்டாம்.' ஆண்டுதோறும் மூட்டுவலிக்கு அருவியில் நிற்க வரும் பேராச்சி, கல்யாணத்தன்றே பந்தலில் நாலு பேர் கேட்கச் சொன்னவள்: "கரிசக்காட்டுப் பொண்ணு. முதல்ல குளிக்கச் சொல்லிக் குடுங்க." அந்தச் சொல் தங்கபுஷ்பத்தின் நெஞ்சில் இருபது வருஷமாக ஆறாமல் கிடந்தது. அன்று கார்டைப் படித்த சூட்டோடு கையிலிருந்த உருண்டையைச் சருவத்தில் போட்டு ஓர் அமுக்கு அமுக்கினாள்.

"முங்கு, மூதேவி. எனக்கா குளிக்கத் தெரியாது? இந்தா, நீ குளி!"

குமிழி வந்தது. ஆகா! குற்றாலநாதர் சந்நிதியில் இருபது வருஷம் நின்று கேட்டும் கிடைக்காத நிம்மதி, ஒரு சருவத் தண்ணீரில் கிடைத்தது.

அந்த உருண்டையில் இருந்தது சிவப்புச் சேம்பு. நாக்கு மாதிரி இலை, தொட்டால் அரிக்கும். பேராச்சி என்ற பேர் அதற்கு அப்படிப் பொருந்தியது. பிறகு எல்லா உருண்டைக்கும் பேர் வந்தது. காலஞ்சென்ற மாமியாருக்கு ரணகள்ளி. ஓர் இலை உதிர்ந்தால் பத்தாக முளைக்கும். ஜமீன் பெரியவருக்கு மணிபிளான்ட். புருஷனுக்கு மெல்லிய பெரணி ஒன்று. அதை அமுக்க அவளுக்கு மனசு வராது. ஆசையாக நாலு விரலால் தெளித்துவிட்டு, ஒரு முத்தமும் கொடுப்பாள்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆனியில் பேராச்சி இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு சட்டி நல்லெண்ணெயுமாக வந்து இறங்கினாள். வந்தவள் கால்கூடக் கழுவவில்லை; மகன் பேச்சை எடுத்தாள்.

"சிவசுப்பிரமணியனுக்குச் சொரண்டைல ஒரு இடம் வந்திருக்கு. பொண்ணு எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கா."

"நம்ம மொழியும் எட்டுதான் மதினி" என்றாள் தங்கபுஷ்பம், மகளை நினைத்து.

"நான் இல்லைன்னேனா? பதினஞ்சு நாளு இங்கனதானே இருக்கப் போறேன். பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' ஒரு தாயின் தலைமேல் தொங்கிய கத்தி. மகள் குழல்வாய்மொழிக்குப் பதினெட்டு வயது. அத்தை மகன் சிவசுப்பிரமணியன் பள்ளிக்கூட வாத்தியார். போன சாரலில் அவன் அவளிடம் ஒரு துண்டு கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தத் துண்டோடு அவள் இதயமும் வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறிவிட்டது. சொரண்டைப் பேச்சைக் கேட்ட அன்றே அவள் சபதம் எடுத்தாள்: அத்தானைத் தவிர வேறு யாருக்கும் கழுத்தை நீட்டுவதில்லை, அதுவரை ஊறுகாயும் தொடுவதில்லை.

உருண்டைகளின் பேரைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று புருஷனிடமும் மகளிடமும் தங்கபுஷ்பம் சத்தியம் வாங்கினாள். நூருன்னிசாவை மறந்துபோனாள்.

நாலாம் நாள் காலை நூருன்னிசா துண்டு மூட்டையோடு வந்தாள். முற்றத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "யாரு அக்கா இது?" என்றாள்.

"எங்க மதினி. வாசுதேவநல்லூரு."

"அட, இவங்கதான் பேராச்சி மதினியா!" நூருன்னிசாவின் முகம் மலர்ந்தது. "நான் இத்தன நாளும் உருண்டையத்தான் பாத்திருக்கேன்."

பூமி பிளக்கவில்லை. அதற்கு அந்த அளவுக்குக்கூட இரக்கமில்லை.

"என்ன உருண்டை?" என்றாள் பேராச்சி.

தங்கபுஷ்பம் முந்திக்கொண்டாள். "நம்ம சொந்தக்காரங்க நெனப்பா... ஒவ்வொருத்தர் பேரா வச்சிருக்கேன் மதினி."

"என் பேருமா? எங்கன?"

தங்கபுஷ்பம் சுட்டிக் காட்டினாள். பேராச்சி நிமிர்ந்து பார்த்தாள். வரிசையிலேயே பெரிய உருண்டை அது. ஓர் இளநீர் பருமன். காலையும் மாலையும் வெறியோடு அமுக்கி அமுக்கி, பாசி வெல்வெட்டாகத் தடித்திருந்தது. அதிலிருந்து பதினெட்டு இருபது சேம்பிலைகள், குங்குமம் கொட்டியதுபோல் விரிந்து கிடந்தன. பக்கத்து உருண்டையில் பழுப்பாக ஒரு நார் தொங்கியது.

"அது யாரு?"

"அது... இவுக."

காந்திமதிநாதன் அண்ணாந்து தன்னைப் பார்த்தான். "ஏட்டி, நான் செத்தே போயிட்டனா?"

பேராச்சிக்கு அது காதில் விழவில்லை. எண்ணெய் வழியும் முகத்தில் கண்ணீரும் சேர்ந்து வழிந்தது. "பெத்த புள்ளைகூட எம்மேல இப்படி உசிரா இருந்ததில்ல தங்கம். புருஷனக் காயப்போட்டுட்டு என்னைய வளத்திருக்கியே!" என்று மூக்கைச் சிந்தினாள். "நாளைக்குக் காலையில எப்படிக் குளிப்பாட்டுதன்னு நான் பாக்கணும். கத்துக்கிட்டு ஊருக்குக் கொண்டுபோவேன். பாத்துட்டு மொழி விசயத்தையும் ஒரு முடிவாச் சொல்லுதேன்."

அன்று பகல் முழுக்கத் தங்கபுஷ்பம் அடுப்படியில் ஒத்திகை பார்த்தாள். "எங்க மதினி, தங்கம், குளிங்க" என்று ஒரு முட்டைகோசைச் சட்டியில் முக்கி முக்கி எடுத்தாள். மகள் வாசலில் நின்று பார்த்தாள். "அம்மா, அழுவுத மாதிரி சொல்லாதீங்க" என்றாள்.

மறுநாள் காலையில் சருவம் நிறையத் தண்ணீர். பேராச்சி எதிரே மணைபோட்டு உட்கார்ந்தாள். காந்திமதிநாதன் சாவிக்கொத்தோடு தூணோரம் நின்றான். தங்கபுஷ்பம் உருண்டையை இறக்கினாள்.

"எங்க மதினி, தங்கம்" என்று அமுக்கினாள். உருண்டை மேலே மிதந்து வந்தது.

"எங்க மதினி, முத்து" என்று மறுபடி அமுக்கினாள். கைக்குள் அடங்காமல் திமிறிக்கொண்டு வந்தது. அதற்குப் பழகிய பாஷை வேறு அல்லவா?

மூன்றாம் தடவை இரண்டு கையாலும் பலம் போட்டாள். கை அதன் வேலையைச் செய்ய, வாயும் அதன் வேலையைச் செய்துவிட்டது.

"முங்கு, மூதேவி! வாயா அது, வாய்க்காலா? எனக்கா குளிக்கத் தெரியாதுன்ன? குடி, நல்லாக் குடி!"

பூட்டு ஒன்றைச் சரிபார்க்கக் காந்திமதிநாதன் கிளம்பிவிட்டான். முற்றத்தில் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. மகளின் கல்யாணம் தன் கண்ணெதிரே, தன் கையாலேயே, மூச்சுத் திணறிச் சாவதைத் தங்கபுஷ்பம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேராச்சி சருவத்தருகே குனிந்தாள். பிறகு, "எத்தன வருசமா?" என்றாள்.

"மூணு வருசமா மதினி."

"தினமுமா?"

"காலையில ஒரு தடவ. சாயங்காலம் ஒரு தடவ."

"காச்சல் கீச்சல்னு படுத்த அன்னிக்கு?"

"எந்திரிச்சு வந்து முக்கிட்டுப் படுத்துக்கிடுவேன்."

பேராச்சி இலைகளைப் பார்த்தாள். ஒன்றை விரலால் தடவினாள். அரித்தது. சொறிந்துகொண்டே சொன்னாள்:

"என் மூத்த மருமவ இருக்காளே, வாய் நெறைய 'அத்தை அத்தை'ம்பா. போன மாசம் மூட்டுவலில எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். ஒரு செம்பு தண்ணி வரல்ல. 'இதோ வந்துட்டேன் அத்தை'ன்னு குரலு மட்டும் வந்துது. நீ என்னைய வைதுக்கிட்டே மூணு வருசம் ரெண்டு வேளை தண்ணி காட்டியிருக்கே." அண்ணாந்து தம்பியின் நாரைப் பார்த்தாள். "நீ பாசம் வச்ச லெச்சணத்தையும் பாத்துட்டேன். எனக்கு அது வேண்டாம்."

தங்கபுஷ்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"என்னட்டி சும்மா அமுக்குத? வாயத் திறந்து வையி."

"மதினி..."

"வையின்னா! நான் கத்துக்கிட்டுப் போக வேண்டாமா?"

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாக அருவி மாதிரி கொட்டிய வாய். ஒரு சொல் வரவில்லை. கண்ணீர்தான் வந்து சருவத்தில் விழுந்தது.

அடுப்படியிலிருந்து குழல்வாய்மொழி வந்தாள். கையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைப் பாவாடையில் துடைத்தாள். அம்மாவை ஒதுக்கிவிட்டுக் குனிந்து உருண்டையைத் தன் கையில் வாங்கி, நிதானமாக அமுக்கினாள்.

"முங்குங்க அத்தை" என்றாள், மரியாதை ஒரு இம்மியும் குறையாமல். "வாத்தியார்ப் புள்ளையப் பெத்துட்டு ஊரு ஊராக் காட்டி எங்க அம்மாவ அழ வைக்கியளே, நல்லா முங்குங்க. சொரண்டை சொரண்டைன்னியள்லா? அந்தச் சொரண்டையையும் சேத்து முழுங்குங்க. நான் கைய எடுக்க மாட்டேன்."

பேராச்சியின் தோள் குலுங்கியது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிரிப்பு. மணையிலிருந்து விழப்போய்த் தரையைப் பிடித்துக்கொண்டாள்.

"மரியாதையா வையுதா பாரு! ஏலே காந்தி!" என்று பங்களாவின் பூட்டிய அறைகள் அதிரக் கூப்பிட்டாள். "சாவிய ஆட்டினது போதும்லே. தைல ஒரு நல்ல நாளு பாரு!"

குழல்வாய்மொழி கையை எடுக்கவில்லை. குமிழி இன்னும் வந்துகொண்டிருந்தது.