தேதி கேட்கும் திரை

அந்தத் தெருவில் அவரை ஃபார்மேட் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் சீண்டவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், பாதிக் குறையைச் சொல்லி முடிப்பதற்குள், "ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்பார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினால் தீராத கோளாறே கிடையாது என்பது அவர் கட்சி.

கறுப்புத் திரையில் கட்டளை தட்டிய டாஸ் காலத்தில் தொழிலுக்கு வந்தவர். சாம்பல் நிறப் பெட்டிகளோடு ஸ்டார்ட் பட்டன் வந்த விண்டோஸ், பச்சைக் குன்றும் நீல வானமும் காட்டிய எக்ஸ்பி என்று ஒவ்வொன்றாக ஊருக்கு ஏற்றிக் கொடுத்தார். கம்பெனிக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஜனங்கள் ஒன்றைப் பழகி மூச்சு விடுவதற்குள் அடுத்ததை இறக்கிவிடுவார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டே அவர் பிழைத்தார்.

மனைவியை அவர் முதலில் பார்த்ததே ரிப்பேருக்குப் போன இடத்தில்தான். ஒரு வாரப் பத்திரிகையின் சந்தாப் பிரிவில் அவள் ஆபரேட்டர். முகவரிகளை ஏற்றுவது வேலை. அந்தக் காலத்து மெஷினுக்குத் தேதி நினைவிருக்காது. சுவிட்ச் போட்டதும் இன்றைய தேதி என்ன என்று திரை கேட்கும். ஆபரேட்டர் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அன்று மெஷின் எதையும் கேட்காமல் நின்றுபோயிருந்தது. காலையில் வருவதாகச் சொன்ன மெக்கானிக் சாப்பாட்டு நேரமும் கழிந்து வந்து நின்றார். அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலையில வரேன்னு சொன்னீங்க. இப்பதான் விடிஞ்சுதா உங்களுக்கு?"

அந்த வாய்க்காகவே கட்டிக்கொண்டேன் என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கடையின் உள்ளறையில் டைப்பிங் வேலை எடுத்து அவளும் சேர்ந்து சம்பாதித்தாள். ஒரு மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

பிறகுதான் ஸ்டார்ட் பட்டனையே தூக்கிவிட்டு, கலர் கலராகச் சதுரங்களை அடுக்கிய விண்டோஸ் வந்தது. ஊரே கடைக்கு வந்து புலம்பியது. அவளும் புலம்பினாள். இல்லாத பட்டனைத் தேடி மவுஸை இடது மூலையில் முட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பாதி அடித்த பக்கத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, இது என் மெஷின்தானா?"

ஊருக்குச் சொன்ன வைத்தியத்தையே அவர் வீட்டிலும் செய்தார். ஃபார்மேட் அடித்துவிட்டுப் பழைய எக்ஸ்பியை ஏற்றினார். பச்சைக் குன்றைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. வேலை மளமளவென்று ஓடியது. "பாத்தியா, குத்தம் உம்மேல இல்ல" என்று ஜம்பமாகச் சொல்லிக்கொண்டார். வேறொருவனாக இருந்தால் பெண்டாட்டி தடுமாறுவதைப் பார்த்து டாக்டரிடம் ஓடியிருப்பான். இந்த மனுஷன் சி.டி.யைத் தேடினார். கடையிலிருந்து கிளம்பியவள் வீட்டுக்கு வழி தெரியாமல் பஸ் நிலையத்தில் நின்ற அன்றுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் ஒரு வருடம் கைவிட்டுப் போயிருந்தது. அதற்காக இன்றுவரை அவர் தன்னை மன்னிக்கவில்லை.

"புதுசா பதிஞ்சதுதான் முதல்ல போகும். பழசு ரொம்ப நாளைக்கு நிக்கும். கைக்குப் பழகின வேலைய மட்டும் விடாம பாத்துக்குங்க" என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து கடையில் ஃபார்மேட் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அவள் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார். சில காலம் பச்சைக் குன்று தாங்கியது. பிறகு அவள், "இது எந்த ஊரு மலைங்க?" என்று கேட்டாள். சாம்பல் பெட்டி விண்டோஸுக்கு இறங்கினார். அதுவும் கொஞ்ச நாள்தான். ஒரு காலை அவள் மவுஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் பரணில் ஏறி, துணி சுற்றி வைத்திருந்த பழைய டாஸ் மெஷினை இறக்கினார்.

ஃப்ளாப்பி உறுமியது. கறுப்புத் திரை தேதி கேட்டது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். விரல்கள் தாமாக ஓடின. பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். முகவரிகளை மடமடவென்று அடித்துத் தள்ளினாள். அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. அப்போதுதான் அவள் அடித்திருந்த தேதியை எட்டிப் பார்த்தார். மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருடம் அது.

அன்று முதல் அவர் தினமும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று தேதியைப் படித்தார். எந்த வருடம் என்று பார்த்துத்தான் அன்றைக்கு என்ன பேசலாம், யாரை உயிரோடு வைத்துப் பேசலாம் என்று முடிவு செய்வார். வருடம் இறங்கிக்கொண்டே போனது. மகள் வந்திருந்த ஒருநாள் அது மகள் பிறப்பதற்கு முந்தைய வருடமாக இருந்தது.

"யாருங்க இந்தப் பொண்ணு? டைப்பிங் கத்துக்க வந்திருக்கா?"

மகள் சமையலறைக்குப் போய் அழுதாள். பின்னாலேயே வந்த அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "பழைய மெஷினா குடுத்துக் குடுத்து நீங்கதான்ப்பா அவங்கள பின்னாடி இழுத்துட்டுப் போறீங்க."

"நான் இழுக்கலம்மா. அவ போற இடத்துல எல்லாம் ஒரு நாற்காலி போட்டு வைக்கறேன். அவ்வளவுதான்."

"உங்களையும் தாண்டிப் போயிட்டா?"

அவர் பயந்துகொண்டிருந்ததும் அதற்குத்தான். எண்பத்தேழில் அவர் அந்த ரிப்பேருக்குப் போனார். அதற்கு இந்தப் பக்கம் நிற்கும்வரை அவள் அவர் பெண்டாட்டி. அந்தப் பக்கம் போய்விட்டால் அவர் யாரோ.

தொடக்க ஃபைலில் ஒரு வரி எழுதினால் மெஷின் தேதி கேட்காது. எந்த வருடம் என்று தனக்குத் தெரியாமலாவது இருக்கட்டும் என்று அதை எழுதியும்விட்டார். மறுநாள் அவள் விசைப்பலகையில் கை வைக்காமல் காத்திருந்தாள். "கேக்கவே மாட்டேங்குதுங்க" என்று குழந்தையைப் போல அவரை நிமிர்ந்து பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அந்த வரியை அப்போதே அழித்தார்.

சில மாதம் கழித்து ஒருநாள், மதியம் தூங்கி எழுந்தவள் தானே போய் சுவிட்சைப் போட்டாள். அவர் டீயோடு வந்து வழக்கம்போலப் பின்னால் நின்றார். திரையில் எண்பத்தாறு.

அரவம் கேட்டு அவள் திரும்பினாள். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் தன் முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்து அவள் முகத்தில் பயம் வந்தது. நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"யாரு நீங்க? யாரு வேணும்?"

உன் புருஷன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பயம் இன்னும் கூடும், அவ்வளவுதான் நடக்கும். டீயை மேசையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவள் பார்க்கும்படி பிடித்தார். இத்தனை வருடமாக 'நீ, வா, போ' என்று பேசிய வாயால் சொன்னார்.

"மெஷின் பாக்க வந்திருக்கேன் மேடம்."

அவள் தோள் தளர்ந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலையில வரேன்னு சொன்னீங்க. இப்பதான் விடிஞ்சுதா உங்களுக்கு?"

"மன்னிச்சுக்குங்க மேடம். வர்ற வழியில லேட்டாயிடுச்சு."

அவள் நாற்காலியை ஒதுக்கி இடம் விட்டாள். அவர் சுவிட்சை அணைத்து, எந்தக் கோளாறும் இல்லாத அந்த மெஷினின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஆகும் மேடம்" என்றார். ஒவ்வொரு ஸ்க்ரூவாக, நிதானமாகக் கழற்ற ஆரம்பித்தார்.