கிராக்கு வண்டியில் ஒரு காலியிடம்

தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் வேலை பார்க்கும் மனநல மையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததும், வரவேற்பு மேசையில் இருக்கும் பிரீடா கேட்கிற முதல் கேள்வி இது: "எனி கிராக்?"

நீங்கள் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்காவது வளர்ந்தவராக இருந்தால், இந்த இடத்தில் ஒரு நொடி நின்றிருப்பீர்கள். நம்மூரில் கிராக்கு என்றால் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவர் கிராக்கு, காரணமில்லாமல் சிரிக்கிறவர் கிராக்கு, மாத்திரை சாப்பிடுகிறவர் நிச்சயமாகக் கிராக்கு. அப்படியிருக்க, ஒரு மனநல மையத்தின் வாசலிலேயே ஒரு பெண்மணி மலர்ந்த முகத்தோடு "கிராக்கு யாராவது உண்டா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வேலைக்குப் புதுசு, பதில் சொல்லாமல் நிற்கக்கூடாது. "இன்னும் இல்லை, பத்து மணிக்குத்தான் வருவார்கள்" என்று மிகப் பணிவாகச் சொன்னேன். பிரீடா மேசையில் கவிழ்ந்து சிரித்தார். அயர்லாந்தில் கிராக் என்றால் குஷி, அரட்டை, நல்ல கூட்டம் சேர்ந்தால் வரும் கலகலப்பு. "என்ன விசேஷம்?" என்பதுதான் அவருடைய கேள்வி. "கொண்டாட்டம் பத்து மணிக்குத்தான் ஆரம்பம்" என்பது அவர் காதில் விழுந்த என் பதில். இன்றைக்கும் பத்து மணி ஆனால் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டாமல் இருப்பதில்லை.

இந்த நாட்டின் மேற்குக் கரையில், மழையும் ஆடுகளும் மனிதர்களைவிட அதிகமாக இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு நான் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. என் பெயர் எழிலரசி. அந்த ழகரத்தோடு இரண்டு வாரம் போராடிவிட்டு எல்லோரும் 'எல்லி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

வந்த முதல் வாரமே குழுக்கூட்டம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தங்கள் 'பேக்ரவுண்டு' சொல்ல வேண்டும் என்றார்கள். நம் பக்கம் பேக்ரவுண்டு என்றால் எத்தனை ஏக்கர், எந்தக் கட்சி, மாமன் எந்த ஆபீஸில் என்பதுதானே? அதனால் நான் முந்திரிக்கொட்டையாக, "அப்பா வல்லம் பக்கத்தில் மூன்று ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிறார், அரசியல் செல்வாக்கு எதுவும் இல்லை" என்று ஆரம்பித்துவிட்டேன். அரசியல் செல்வாக்கு இல்லை என்றதும் கைதட்டினார்கள். பிறகு அவர்கள் சொல்லக் கேட்டபோதுதான் கேள்வி வேலையைப் பற்றியது என்று புரிந்தது. மாத்திரை எழுதும் டாக்டர் இருந்தார், பேசிக் குணப்படுத்தும் சைக்காலஜிஸ்ட் இருந்தார், முன்னே தச்சு வேலை பார்த்துவிட்டுப் பிறகு படித்து நோயாளிகளுக்குக் கைவேலைப் பயிற்சி தர வந்தவர் இருந்தார். கடைசியாக, ஐம்பது வயது மதிக்கத்தக்க டெக்லன் என்ற மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் மீன்பிடிப் படகில் இருந்தேன். அப்புறம் ஆறு வருஷம் இங்கே பேஷன்ட்" என்றார். அவ்வளவுதான். எல்லோரும், அவர் பெரிய பட்டம் ஒன்றைச் சொன்னதுபோலத் தலையசைத்தார்கள்.

எனக்கு மட்டும் வேறு மாதிரி புரிந்தது. பாவம், ஆள் அறை மாறி வந்துவிட்டார், சங்கடப்படுத்த வேண்டாம் என்று மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் மெதுவாக அவர் பக்கத்தில் போய், "வாங்க, காத்திருக்கும் அறையைக் காட்டுகிறேன்" என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தார். அந்த அறையில் போய் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம் கழித்து அவர் ரொம்ப அன்பாகக் கேட்டார்: "இப்போது உங்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லையா?" வேலைக்குப் புதிதாக வந்த பெண் பயந்துபோய்த் துணைக்குக் கூப்பிடுகிறாள் என்று அவர் எண்ணியிருக்கிறார்! விஷயம் வெளிவந்தபோது, இவரைப் போல நோயிலிருந்து மீண்டவர்களுக்கு இங்கே தனியாகவே ஒரு பதவி உண்டு என்றும், 'அனுபவத்தால் நிபுணர்' என்று பொருள்படும் பெயர் அதற்கு என்றும் தெரிந்துகொண்டேன். அவருக்கும் தனி மேசை, தனி அட்டை, டாக்டரோடு சரிசமமாகப் பேச்சு.

அந்த நிமிடம் எனக்கு நினைவுக்கு வந்தது அஞ்சலாட்சி அக்கா.

விழுப்புரத்தில் சமூகப்பணி படித்து முடித்த கையோடு திண்டிவனத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒரு பழைய ஜீப், ஒரு டிரைவர், ஒரு நர்ஸ், வாரம் ஒருமுறை புதுச்சேரியிலிருந்து வரும் மனநல மருத்துவர், நான். செஞ்சிப் பக்கம் ஒரு நாள், மரக்காணம் பக்கம் ஒரு நாள் என்று ஊர் ஊராகப் போவோம். ஜீப்பின் பக்கவாட்டில் எழுதியிருந்த நீளமான பெயரை யாரும் படித்ததில்லை. எங்கே போனாலும் அது "கிராக்கு வண்டி"தான். மரக்காணத்துக்கு முன்னால் ஒரு மீனவர் குப்பத்தில் நிறுத்தியபோது, தலையில் மீன்கூடையோடு வந்த ஒரு பெண் கேட்டாள், "இன்னா, கிராக்கு வண்டியா? நானும் இதுல போவலாமா? எனக்கு எல்லாத் தகுதியும் கீது." விளையாட்டு என்று நினைத்தோம். இல்லை. அவளுக்குப் பெண் பிறந்த மூன்றாம் மாதம் தூக்கம் போய், காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, மூன்று வருஷம் படாத பாடு பட்டிருக்கிறாள். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி மாத்திரையில் தெளிந்து, அதற்குப் பிறகுதான் மீன் வியாபாரம். அதுதான் அஞ்சலாட்சி அக்கா. காலையில் மீனை விற்றுவிட்டு வாரம் இரண்டு நாள் எங்களோடு ஜீப்பில் ஏறிக்கொள்வாள். நான்கு வருஷம் வந்தாள். வருகைப் பதிவில் அவள் பெயருக்கு எதிரே 'உதவி ஆள்' என்று எழுதுவோம். சில நாள் அதுவும் மறந்துபோகும்.

வல்லம் பக்கத்தில் ஏழுமலை என்கிற விவசாயி, மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. படித்தவர்கள் மூன்று பேர் வரப்பில் வரிசையாக நின்றுகொண்டு, 'மூளையில் உள்ள ரசாயனம்' பற்றிக் கதவிடம் எடுத்துச்சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கா எங்களைத் தள்ளிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள்.

"யோவ், அந்த வெள்ள மாத்திரதான? நான் மூணு வருசம் முழுங்கினவ. வாயி காஞ்சி போவும், பகல்லயே தூக்கம் தூக்கமா வரும். இவுங்க அத்தச் சொல்ல மாட்டாங்க, இவுங்க முழுங்கல. வயிறு நெறய கேப்பக் கூழு குடிச்சிட்டுப் போடு, பேஜாரு கம்மியா இருக்கும்."

உள்ளிருந்து குரல் வந்தது: "நெசமாவா?"

"பொய் சொல்றதுக்கு எனக்கு யாரு சம்பளம் குடுக்கறா?"

கதவு திறந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் விட்டுவிட்டு வந்த இடம் இவ்வளவு நாளும் காலியாகவே கிடந்தது. போன மாதம் நிறுவனத்தில் அறிவிப்புப் போட்டார்கள்: களப்பணியாளர் தேவை, பட்டப்படிப்பு அல்லது தகுந்த தொழில் பின்னணி. அந்த 'அல்லது'வைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன்.

"அக்கா, ஜல்தியா ஃபாரம் வாங்குங்க! தொழில் பின்னணின்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல உங்களுக்கு உடம்பு முடியாம இருந்தத எழுதுங்க. அதான் உங்க தகுதி. இங்க டெக்லன்னு ஒருத்தர்…"

"மீன் வியாபாரம்னு எழுதறேன். போதும்."

"அது போதாதுக்கா. அத மட்டும் எழுதுனா டிகிரி முடிச்ச யாருக்காவது குடுத்துடுவாங்க."

"லூசாடி நீ?" என்றாள் அக்கா. குரலில் சிரிப்பு இல்லை. "ஃபாரத்த எழுதப்போறது யாரு? எம்பொண்ணு காவ்யா. அதுங்கிட்ட நான் இதச் சொன்னதே இல்ல. அது பொறந்தப்பத்தான் எனக்கு வந்துச்சி. 'என்னாலதானாம்மா'ன்னு அது கேட்டுச்சின்னா நான் இன்னா சொல்றது? கிராக்குன்னு சொன்ன வாயெல்லாம் இப்பத்தான் மூடிக்கினு கீது. நானே போயித் தட்டி எழுப்பணுமா? நீ ஏரோப்ளேன் ஏறிப் போயிட்ட எழிலு. நான் நாளைக்கும் இதே தெருவுல கூடையத் தூக்கிக்கினு நிக்கணும்."

போன் வைக்கப்பட்டது. என் உற்சாகத்துக்கு வேகம் உண்டு, பிரேக் கிடையாது என்று அப்பா சொல்வார். அன்றைக்கு முதன்முறையாக அது எனக்கே உறைத்தது. இங்கே உட்கார்ந்துகொண்டு தைரியமாக இரு என்று சொல்வதற்கு எனக்கு ஒரு செலவும் இல்லை.

தேநீர் இடைவேளையில் டெக்லனிடம் புலம்பினேன். "நீ ஃபாரத்தில் எழுதச் சொல்கிறாய். ஃபாரம் என்பது எல்லோரிடமும் ஒரே நேரத்தில் சொல்வது. முதலில் ஒருவரிடம் சொல்ல வேண்டும். அது யார் என்று அவள்தான் முடிவுசெய்ய வேண்டும்" என்றார். அவர் முதலில் சொன்னது கறிக்கடைக்காரரிடமாம். பிறகு, "அவளுக்குச் சம்மதம் என்றால் நான் ஒரு வணக்கம் சொல்கிறேன். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அக்காவே அழைத்தாள், என் மேல் கோபம் ஆறிவிட்டது என்று காட்டுவதற்காக. இங்கே காலைத் தேநீர் நேரம், அங்கே மாலை வெயில். "இவரும் உங்களப் போல மாத்திர முழுங்கினவருக்கா, முன்ன மீன் படகுல இருந்தாரு. ஒரு வணக்கம் சொல்லணுமாம்" என்று கேட்டு, அவள் சரி என்றதும் டெக்லனைக் காட்டினேன். அவர் அன்று வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த மீனை உறையிலிருந்து எடுத்துத் திரையில் காட்டினார்.

"இதான் உங்க ஊரு கானாங்கெளுத்தியா?" என்றாள் அக்கா. "செவுளு வெளுத்துப் போச்சி. உன்ன ஏமாத்திட்டான்யா!"

நான் மொழிபெயர்த்தேன். டெக்லன் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மீன்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு நான் தேவையே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது. இவர் படகு எத்தனை அடி என்று கைவிரித்துக் காட்ட, அவள் வலை எப்படி இழுப்பார்கள் என்று காட்ட, நடுவில் இவர் வாயைச் சுட்டி 'காய்ந்துபோகும்' என்று சைகை செய்ய, அக்கா "ஆமாய்யா ஆமா, நாக்கு கட்டையாப் பூடும்" என்று கத்த, ஒரே அமர்க்களம். டெக்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி என்னிடம் சொன்னார்: "ஷி இஸ் கிரேட் கிராக்!"

அக்காவின் முகம் மாறிப்போனது.

"இன்னாடி சொல்றான்? என்னக் கிராக்குங்கறானா? நீ சொல்லிக் குடுத்தியா?"

"ஐயோ இல்லக்கா! இங்க அப்படிச் சொன்னா பாராட்டு. கூட இருந்தா சந்தோசமா இருக்கும், பேசினா பேசிக்கினே இருக்கலாம்னு அர்த்தம். சத்தியமாக்கா. எங்க ஆபீஸ்ல காலைல வந்ததும் 'கிராக்கு உண்டா'ன்னுதான் கேப்பாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள், டெக்லனைப் பார்த்தாள். விஷயம் புரியாமல் அவர் கையில் மீனோடு நின்றிருந்தார். பிறகு அவள் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று.

"அடப்பாவிங்களா! அப்ப இம்மா வருசமா ஊரே என்னப் பாராட்டிக்கினு இருந்துருக்குது. எனக்குத்தான் தெரியல!"

அன்று மாலையே அவள் காவ்யாவை அழைத்து உட்கார வைத்திருக்கிறாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அயர்லாந்துக்காரன் ஒருத்தன் என்னக் கிராக்குன்னான்" என்றுதான் ஆரம்பித்தாளாம். முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் காவ்யா சொன்னது இதுதான்: "ஆறாவது படிக்கும்போதே கிளாஸ்ல பசங்களே சொல்லிட்டாங்கம்மா. நீயா எப்ப சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன். பேனாவ எடு."

திண்டிவனத்தில் நேர்காணல். எதிரே மூன்று பேர். எட்டாவது வரைதானே படிப்பு என்று ஒருவர் இழுத்தாராம். அக்கா கேட்டிருக்கிறாள், "சார், இந்த ரூம்ல மாத்திர முழுங்கினவங்க யாராச்சும் கீறீங்களா?" மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். "அப்ப எனக்குத் தெரிஞ்சத நான் பாத்துக்கறேன், உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க பாத்துக்குங்க. படிச்ச புள்ள ஒண்ணக் கூட வச்சிக்கினா எழுத்து வேலைக்கு ஆச்சி." அடுத்த வாரம் வேலை உத்தரவு வந்துவிட்டது. இனி அவள் பெயருக்கு எதிரே 'உதவி ஆள்' என்று யாரும் எழுத முடியாது.

முதல் நாள் ஜீப்பில் ஏறியதும் என்னை அழைத்தாள். நான் அப்போது ஒரு முதியவரைப் பார்ப்பதற்காக ஊருக்கு வெளியே ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகலான சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தூறல். காதில் பொருத்திய கருவிக்குள் ஜீப்பின் தடதடப்பு. "டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல குந்திக்கினு கீறேன். நீ குந்துன சீட்டு. ஸ்பிரிங்கு குத்துது, நீ சொல்லவே இல்லையே?" என்றாள். சொல்லியிருக்கலாம்தான். நான் அந்த இடத்தை விட்டுவந்தவள். அங்கே இப்போது சரியான ஆள் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே எங்கோ ஒரு ஸ்பிரிங் குத்தவும் செய்தது.

அப்போது காதுக்குள் ஹாரன் அலறிற்று. நான் துள்ளி ஓரமாக ஒதுங்கி, கல்சுவரோடு ஒட்டி நின்று, வழி விட்டேன். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆடுகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன.

"இன்னாடி, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லக்கா. வண்டி வந்துச்சி, ஒதுங்கினேன்."

"எந்த வண்டி?"

"நம்ம வண்டிதான்" என்றேன்.