அத்தியட்சருக்கு ஒரு பக்கம்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெரிய மனிதரா இல்லையா என்று, அவரை ஒரு தடவைகூடப் பார்த்திராத நான்கைந்து பேர் கூடிப் பேசி முடிவு செய்த வாரம் அது. எனக்குப் பதினோரு வயது.

அந்த ஒருவர் அப்பாவின் பெரியப்பா, எனக்குப் பெரிய தாத்தா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். படித்து, போதகராகி, கடைசியில் லுத்தரன் சபைக்கே பிஷப் ஆனவர். சிலிபினில் எங்கள் வீட்டருகே இருந்த சைபர் கஃபேயில் உட்கார்ந்து, அப்பா சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டி, இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருக்கு ஒரு பக்கம் உண்டாக்கினோம். அப்பா பஸ் ஓட்டினார். ஆங்கிலம் வாசிப்பார், எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். பக்கம் வந்ததோடு சும்மா இருந்தாரா? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, அடுத்த ஞாயிறு பெரியப்பாவுக்கே அதைக் காட்டப்போவதாகச் சபைக்கு அறிவித்துவிட்டார்.

மத்தியானம் போய்ப் பார்த்தால் பக்கத்தின் தலையில் ஒரு பெட்டி முளைத்திருக்கிறது. இவர் இடம்பெறத் தகுதியானவர்தானா என்று சந்தேகமாம். ஏழு நாள் விவாதிப்பார்களாம். வேண்டாம் என்று முடிவானால் பக்கத்தை எடுத்துவிடுவார்களாம். விரல் விட்டு எண்ணினேன். சரியாக அடுத்த ஞாயிறு வந்து நின்றது.

“எனக்குத் தெரியாதா இவரப் பத்தி? என் சொந்தப் பெரியப்பா. அப்படியே எழுதும்மா” என்றார் அப்பா. அப்படியே எழுதினேன். அதைவிடப் பெரிய ஆதாரம் உண்டா என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். சொந்தக்காரர் சாட்சி செல்லாது, வெளியார் எழுதியது வேண்டும் என்று உடனே பதில் வந்துவிட்டது.

அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. “இப்படியே போனா ஒங்கப்பாவ தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலதான் கொண்டுபோய் விடணும் லா” என்று அம்மா சொன்னதற்குக்கூட அவர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, அலமாரியின் அடியிலிருந்து ஒரு பழைய தமிழ்ப் பத்திரிகைத் துண்டு கிடைத்தது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் லுத்தரன் சபையின் அத்தியட்சராகப் பொறுப்பேற்றார் என்ற செய்தி, படத்தோடு. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நானே மொழிபெயர்த்தேன். பள்ளியில் பரிசாக வாங்கிய அகராதி இருக்கும்போது எனக்கென்ன பயம்? அத்தியட்சர் என்ற சொல்லுக்கு அதில் ‘சூப்பரிண்டெண்டண்ட்’ என்று போட்டிருந்தது. சைபர் கஃபேக்குப் போய் அப்படியே விவாதத்தில் தட்டிவிட்டேன்.

மறுநாள் அப்பா திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். தோட்டத்தில் பிறந்த சூப்பரிண்டெண்டண்ட் என்றால் ஏதோ தோட்ட அதிகாரிதானே, பிஷப் எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார்.

“இந்த வார்த்த எங்கேருந்துமா வந்துச்சு?”

“டிக்‌ஷனரிலேருந்துப்பா.”

அப்பா திரையிலிருந்து விரலை எடுத்தார். “சரிம்மா. நல்லாத்தான் எழுதியிருக்க. நீ போய் எனக்கு ஒரு மைலோ வாங்கிட்டு வா” என்றார். நான் திரும்பி வந்தபோது கணினியை அணைத்திருந்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய தாத்தாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். பழைய ஊதாச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார், தலையை அழுந்த வாரியிருந்தார். அப்பா இரவல் மடிக்கணினியைத் திறந்தார். அந்தப் பெயரில் பக்கம் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி வந்தது.

“எடுத்துட்டாங்க பெரியப்பா” என்றார் அப்பா.

“போவட்டும் விடு. பரலோகத்து ஜீவபுஸ்தகத்துல பேரு இருந்தா போதாதா?” என்று தாத்தா சிரித்தார். ஆனாலும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சபையில் ஓர் ஆங்கில ஆசிரியை இருந்தார், யாழ்ப்பாணத்துக் குடும்பம். விவாதத்தை அவர் வீட்டிலேயே வாசித்துவிட்டு வந்திருந்தார். “அந்தப் பேப்பர்த் துண்டை ஆர் இங்கிலீஷில போட்டது?” என்று கேட்டார். பாராட்டத்தான் கேட்கிறார் என்று நான் கையைத் தூக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“நான்தான் டீச்சர்” என்றார். டீச்சர் அவரையும் என்னையும் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

பெரிய தாத்தாவுக்கு இன்றுவரை அங்கே பக்கம் இல்லை. ஆனால் அவருக்குப் பக்கம் தேவையா என்ற விவாதத்தை மட்டும் யாரும் அழிக்கவில்லை. போன மாதம்தான் தேடி எடுத்து வாசித்தேன். அந்தப் புதன்கிழமை அப்பா தட்டிய மூன்று வரிகள் பிழையும் தானுமாக அப்படியே இருக்கின்றன. “அத்தியட்சர் என்றால் பிஷப். மொழிபெயர்த்தது நான், தப்பு என்னுடையது. வேறு யாரும் செய்யவில்லை.” அதற்குக் கீழே ஒருவர், சொந்தக்காரர் இப்போது வார்த்தையை மாற்றுகிறார், நம்புவதற்கில்லை என்று எழுதி முடித்துவைத்திருக்கிறார்.

அன்று சர்ச்சிலிருந்து வீடு வரும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் பேசவில்லை. என் இங்கிலீஷைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாரே என்று அவ்வளவு கோபம் எனக்கு.