அறுபது போதும் என்று எழுதினேன்

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம். தோட்டத்து ஆபீஸ் வேலை போய், மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். தூரத்து உறவில் எனக்கு அண்ணன் முறையான ஒருவர், சிங்கப்பூர் விளம்பரக் கம்பெனி ஒன்றுக்கு அந்த ஊரிலேயே தம் வீட்டிலிருந்து எழுதிக் கொடுத்து வந்தார். தைலம், சோப்பு, பிஸ்கட் என்று ஆங்கிலத்தில் வரும் விளம்பரங்களைத் தமிழாக்கித் தர வேண்டும். வேலை கூடிப்போகவே, என் பெயரையும் சொல்லி வைத்தார். எனக்குத் தபாலில் வரும். தபாலிலேயே திருப்பி அனுப்பலாம்.

"என்னைப் போலவே மாதம் நூறு வெள்ளி கேள். எங்கே உட்கார்ந்து எழுதினாலும் வேலை ஒன்றுதான். குறைத்துக்கொண்டு போகாதே" என்று கடிதமும் போட்டிருந்தார்.

மேனேஜர் இரண்டே வரி எழுதினார். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்? மலாக்காவில் செலவு எப்படி? இரண்டாவது கேள்வியைப் பார்த்ததுமே, நூறு கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ என்ற பயம். இங்கே வீட்டு வாடகை சொற்பம், கிளேபாங் கடற்கரைப் பக்கம் மீன் கொள்ளை மலிவு, அறுபது இருந்தால் ராஜா மாதிரி வாழலாம் என்று கேட்காததையும் சேர்த்து அளந்தேன். அண்ணனுக்கு, 'கேட்டாயிற்று' என்று மட்டும் எழுதினேன். எவ்வளவு என்று எழுதவில்லை.

வேலை கிடைத்தது. இரண்டு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"எனக்கும் இனிமே அறுவதுதான் தம்பி. மலாக்காக்காரரு அறுவதுக்குச் செய்றாரு, இஷ்டமிருந்தா செய்யின்னுட்டாரு மேனேஜரு. நாலு புள்ளைங்கள வச்சிக்கிட்டு அங்க அறுவதுல ஓட்ட முடியுமா? இங்கயே வந்துர்றோம். சேவாவுக்கு வீடு ஏதாச்சும் இருந்தா பாரு. வாடகை கம்மியா இருக்கணும்."

அவர் திட்டவில்லை. அந்த மலாக்காக்காரன் யார் என்று இருவருக்குமே தெரியும். வேலை வாங்கித் தந்தவர் வயிற்றிலேயே அடித்திருக்கிறேன். "பாப்போம்ணே" என்று சட்டையை மாட்டி, அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரர் இருபது வெள்ளி கேட்டார். நான் விடவில்லை. கூரை ஒழுகிய தடத்தைக் காட்டினேன், கிணறு தூரம் என்றேன், வேண்டாம் என்று இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பினேன். கடைசியில் பதினாறுக்கு இறங்கி வந்தார். எனக்கு இப்படியெல்லாம் பேரம் பேச வரும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

தெருவுக்கு வந்ததும் அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் பேசுற தம்பி."

குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். அந்தக் கையை எடுத்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.