பத்து மணிக்குக் கதவு தட்டியவன்

போன குளிர்காலம் முழுவதும் மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஓர் இளைஞன் என்னை நிம்மதியாகத் தூங்க விடவில்லை. அமெரிக்காவிலிருந்து கனடாவில் நாங்கள் இருக்கும் மொன்றியலுக்கு மதம் பரப்ப வந்தவன். இருபது வயது இராது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, குளிரில் சிவந்த காதுகள். பக்கத்தில் வாய் திறவாத ஒரு கூட்டாளி.

நான் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துப் படுத்துக் கண்ணயரும்போது, செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு வருவான். கதவைத் தட்டுமுன் சப்பாத்தில் ஒட்டிய பனியை வாசலில் டொக், டொக் என்று உதறுவான். என் நித்திரை அதிலேயே போய்விடும்.

"வணக்கம் அண்ணை" என்பான். யார் பழக்கினார்களோ!

நாங்கள் சைவ சமயம், உங்கள் மதப் புத்தகம் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் பலமுறை சொன்னேன். நன்றி சொல்லிப் போவான், மறுவாரமும் வருவான்.

ஒருநாள் ஆத்திரத்தில் தமிழிலேயே கத்தினேன். "மனிசரை நித்திரை கொள்ள விடமாட்டியே?"

"பாவமப்பா, பெடியனை ஏசாதையுங்கோ" என்றாள் மனைவி.

பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன், ஏன் இங்கேயே வருகிறாய் என்று.

"மற்றவர்கள் உள்ளே இருந்துகொண்டே திறப்பதில்லை. இந்தக் கட்டடத்தில் நீங்கள் மட்டும்தான் திறக்கிறீர்கள்" என்றான்.

நான் திறந்தது ஏசுவதற்கு. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன். தேநீர் தங்கள் மதத்தில் விலக்கு என்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி கொடுத்த சுடுபாலை இரு கைகளாலும் பிடித்து, நின்றபடியே குடித்தான்.

மறுவாரம் வேறு இருவர் வந்தார்கள். அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அந்த ஊரில் அவனுக்கு யாராவது திறப்பார்களா என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். அந்த யோசனையும் எரிச்சலாகத்தான் இருந்தது.