லூர்தம்மாள் நீட்டும் டம்ளர்

ஓட்டுக் கேட்கும் ஜீப்பின் மைக் சத்தம் மாதா கோயில் திருப்பத்தில் கேட்டதுமே லூர்தம்மாள் டம்ளரைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவாள். ஒருமுறை சாம்பல், ஒருமுறை சோப்புத் தூள். பிறகு வெயிலில் தூக்கிப் பார்ப்பாள். "குத்தம் சொன்னா தண்ணியச் சொல்லட்டும். டம்ளரச் சொல்லிடக் கூடாது" என்பாள்.

அதில் தெருப் பம்பின் தண்ணீரை ஊற்றி, வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம் நீட்டுவாள். குடிக்கிறாரா என்று பார்ப்பாள். அவள் வைக்கும் பரீட்சை அவ்வளவுதான்.

ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் டம்ளர் கழுவுகிறாள். மாதம் நானூற்று இருபது ரூபாய். அங்கே லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. ஒரு பாட்டில்கூட வெளியே எடுத்துப்போக முடியாது, கேட்டில் வாட்ச்மேன் கவிழ்த்துக் காட்டச் சொல்வான். அவள் தெருவிலோ, மேற்கே கெமிக்கல் கம்பெனி வந்த நாலு வருஷமாகப் பம்பில் மஞ்சளாகத்தான் வருகிறது. காலையில் வடித்த சோறு சாயங்காலம் பழுப்பாகிவிடும். எட்டு வயது மகள் சத்யப்பிரியாவுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. "தண்ணிய மாத்தும்மா" என்று படப்பை டாக்டர் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒன்றரை மைல் நடந்து, வயல் கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் சுமந்து வருகிறாள். அது மகளுக்கு மட்டும். ஏரியிலிருந்து தெருவுக்கு ஒரு குழாய் வேண்டும். அதைப் போடவைக்கும் எம்.எல்.ஏ. யார் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த டம்ளர்.

ஐந்தாவது வரைக்கும்தான் படித்தாள். ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் அவளை ஏமாற்றி அரைப் பலப்பம் வாங்கியவர்கூடக் கிடையாது. இந்தத் தெருவில் நோட்டீசை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரைக்கும் படிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

இந்தத் தேர்தலில் முதலில் வந்த வேட்பாளர் தணிகாசலம். டம்ளர் மூக்குக்கு எதிரே வந்ததும் முகம் சுருங்கியது. "இப்பத்தாம்மா காபி குட்ச்சேன்."

"செரிக்கட்டும். நிக்கிறேன்" என்று நீட்டிய கையை மடக்காமலே நின்றாள். அவர் கும்பிட்டபடியே பின்னால் நகர்ந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

எதிர்வீட்டு ராஜாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாடி லூர்து, ஓட்டு கேக்க வந்தவன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவ போலக்கீதே!"

"நாம தெனம் குடிக்கல? அவரு வவுறு மட்டும் வேற வவுறா?"

அடுத்து வந்தது தசரதன். சுயேச்சை. சைக்கிளில் தனியாக வந்தார். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இருமினார். "எத்தினி வருசமாம்மா இப்டி கீது?" என்று கேட்டு, சத்யப்பிரியாவின் கையை வாங்கி விரல்களைப் பிரித்துப் பார்த்தார். போகும்போது அவருடைய சைக்கிள் செயின் கழன்றது. தானே மாட்டிக்கொண்டு போனார். லூர்தம்மாள் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்திருந்தாள். "ஆளு தங்கம். ஆனா செயின் மாட்டவே கூட ஒரு ஆளு இல்ல. இவரு சொன்னா எந்த ஆபீசர் குழா போடுவான்?"

மூன்றாவது நடேசன். பக்கத்து ஊர், அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன். தனித்தொகுதி என்பதால் அவனுக்குச் சீட்டு கிடைத்திருந்தது. 'வாடா' என்று வந்த வாயை அடக்கி, "வாங்க" என்றாள்.

"இன்னா லூர்து, சௌக்கியமா?" என்றபடி அவனே டம்ளரை வாங்கினான். உதடு வரை கொண்டுபோனான். கூடவே கட்சியின் ஒன்றியச் செயலாளர் இராமச்சந்திரன் நின்றிருந்தார். இந்தத் தெருவில் அவர் தண்ணீர் தொட்டதில்லை. அவர் அப்பாவும் தொட்டதில்லை. "டைம் ஆவுது நடேசா" என்றார். நடேசன் அவர் முகத்தைப் பார்த்தான். டம்ளரைத் தளும்பாமல் வாசற்படியில் வைத்தான்.

"நாத்தம்னு வெச்சிருந்தா மனசு ஆறிடும்" என்றாள் லூர்தம்மாள் அன்றைக்கு. "தொண்ட அவனுதுதான். முழுங்கலாமா வேணாமான்னு அவங்க சொல்லணும்."

ஐந்தாறு நாளில் பெரும்புதூர்ப் பிரசாரக் கூட்டத்தில் குண்டு வெடித்து, டெல்லியிலிருந்து வந்த தலைவர் இறந்துபோனார். மே மாத ஓட்டு ஜூனுக்குத் தள்ளிப்போனது. கடை, பஸ், கேன்டீன், எங்கேயும் அழுகையும் பயமும்தான் பேச்சு. தண்ணீரைப் பற்றிப் பேச அவளுக்கே வாய் வரவில்லை. "இந்தத் தபா ஆளு இன்னா ஆளு, சின்னத்தப் பாத்துக் குத்திட்டு வா" என்றாள் ராஜாமணி.

ஓட்டுச்சாவடியில் மறைப்புக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. "என்னம்மா, தூங்கிட்டியா?" என்று அதிகாரி குரல் கொடுத்தார். ஒருவழியாகக் குத்திவிட்டு வந்தாள். யாரிடமும் சொல்லாததை ராஜாமணியிடம் மட்டும் சொன்னாள்: "நடேசனுக்குத்தான் போட்டேன். கட்சி கீது, ஜீப்பு கீது. உதடு வரைக்குமாச்சும் வந்தானே."

நடேசன் ஜெயித்தான். தசரதனுக்கு டெபாசிட் போயிற்று. நன்றி சொல்ல ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் வருகிறது என்றார்கள். லூர்தம்மாள் அன்றைக்கும் டம்ளரை இரண்டு முறை தேய்த்து, பம்புத் தண்ணீர் நிரப்பி, பத்து மணிக்கே வாசலில் நின்றாள். ஜீப் வந்தபோது மணி ஒன்றேகால். மாலைகளுக்கு நடுவே நடேசன் அவளையும் பார்த்தான், கையில் இருந்ததையும் பார்த்தான். இராமச்சந்திரன் டிரைவரின் தோளைத் தட்டினார். கும்பிட்ட கைகளை நடேசன் தலைக்கு மேலே உயர்த்தினான். ஜீப் போய்விட்டது.

புழுதி அடங்கியதும், தெருவில் ஆடிவிட்டு ஓடிவந்த சத்யப்பிரியா "தாகம்மா" என்று டம்ளருக்குக் கை நீட்டினாள். லூர்தம்மாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, தண்ணீரைத் தானே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு டம்ளரைத் தேய்க்க உட்கார்ந்தாள், வயல் கிணற்றுத் தண்ணீரை மகளுக்கு அதில் ஊற்றிக் கொடுக்க.